எல், ஐ, எல், ஓ: நெய்யாற்றின்கரைப் பள்ளிகளின் கருந்திரைக் காலம்

பழைய கணினியின் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும்: எல், ஐ, எல், ஓ. நான்கும் வந்துவிட்டால் கவலையில்லை, லினக்ஸ் கிளம்பிவிடும். 'எல்' மட்டும் வந்து அதன்பின் எண்களாக ஓடினால், கணினியைக் கிளப்பும் நிரலின் முதல் துண்டு கிடைத்தது, அடுத்த துண்டு கிடைக்கவில்லை. 'எல் ஐ' என்று நின்றால் அடுத்த துண்டும் வந்துவிட்டது, ஆனால் ஓட மறுக்கிறது. 'எல் ஐ எல்' என்றால் லினக்ஸின் மையமான கர்னல் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைப் படிக்க முடியவில்லை. ஒன்றுமே வராவிட்டால் மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் அந்த நிரலை எட்டவே இல்லை. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் 1992இல் எழுதிய லிலோ என்ற பூட் லோடர், தன் பெயரையே நோய்க்குறிப்பாக மாற்றிக்கொண்டது. அதற்குப்பின் வந்த அழகழகான நிரல்கள் எதுவும் இவ்வளவு சிக்கனமாகப் பேசியதில்லை.

அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இடநெருக்கடி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வழக்கப்படி, பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512இல் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிச்சம் 446. அதற்குள் ஒரு நிரல் தன்னைத் தொடங்கி, வட்டைப் படித்து, பிழை வந்தால் அதைச் சொல்லவும் வேண்டும். வாக்கியமாகச் சொல்ல இடமேது? ஓர் எழுத்துதான் கட்டுப்படியாகும்.

கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நுழைந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அமைச்சரவை முடிவு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் வருகை, மிச்சமான கோடிகள் என்றே சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு கொள்கை ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை செய்ததா இல்லையா என்பது, லோகோ தோன்றுவதற்கு முந்தைய சில விநாடிகளில், அந்தக் கருந்திரையில்தான் முடிவானது. அந்த விநாடிகளின் வரலாறு எந்த அரசாணையிலும் இல்லை. ஒவ்வொரு கணினியின் அமைப்புக் கோப்பிலும் நாலைந்து வரிகளாகக் கிடக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலையில் வந்தால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, அப்புறம் களியக்காவிளையில் தமிழ்நாடு. பாலராமபுரம் என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது கசவு வைத்த கைத்தறி. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர்கள் இவை. பள்ளிக் கல்விக் கணக்கில் நெய்யாற்றின்கரை ஒரு கல்வி மாவட்டம். பாலராமபுரம், பாறசாலை, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை ஆகியவை அதன் துணை மாவட்டங்கள்.

2001 ஜூலை 20 அன்று, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில், இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில்தான் கேரளக் கல்வித்துறையின் 'ஐடி@ஸ்கூல்' திட்டமும் பிறந்தது. இரண்டும் உடனே கைகோத்துவிடவில்லை. முதல் ஐ.டி. பாடநூல்கள் விண்டோஸை அடிப்படையாகக் கொண்டவை. ஆசிரியர் அமைப்புகள் மறுப்புத் தெரிவித்தன, விவாதம் நீண்டது. இடைக்காலத்தில் இரண்டு இயங்குதளங்களும் பள்ளிகளில் இருந்தன. 2006இல் அச்சுதானந்தன் அரசு பதவிக்கு வந்ததும், மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளையெல்லாம் லினக்ஸுக்கு மாற்றப்போகிறோம் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2007-08 கல்வியாண்டுக்குள் பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிட்டது.

தேர்வு என்று வந்துவிட்டால் கணினி கிளம்பித்தான் ஆகவேண்டும்.

எந்தக் கணினி? அங்கேதான் சிக்கல். அப்போதைய அரசுப் பள்ளி ஆய்வகம் ஒரே மாதிரிப் பத்துப் பெட்டிகளை வரிசையாக வைத்த இடம் அல்ல. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் ஒரு தொகுதி, சட்டமன்ற உறுப்பினர் நிதியில் இன்னொன்று, பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் திரட்டி உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியவை சில, யாரோ நன்கொடையாகத் தந்தவை சில. மதர்போர்டு ஒவ்வொன்றிலும் வேறு, கிராஃபிக்ஸ் சில்லு வேறு, மானிட்டர் வேறு. இவற்றைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு எஸ்.ஐ.டி.சி. எனப்படும் பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளருக்கு. அவர் கணினி படித்து வந்தவர் அல்லர். கணக்கோ அறிவியலோ மொழியோ நடத்தும் ஆசிரியர், இதைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்தவர். அவருக்கு மேலே மாஸ்டர் டிரெய்னர். இந்த இரண்டு அடுக்குதான் கேரள லினக்ஸின் முதுகெலும்பு என்று சொன்னால் மிகையில்லை.

அவர்கள் வேலையைத் தொடங்கிய காலமும் ஒரு மாறுதல் காலம். 2001 அக்டோபரில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7.2, லிலோவை விட்டு க்ரப்பை முதன்மை பூட் லோடராக எடுத்துக்கொண்டது. 2005 ஜூனில் டெபியன் சார்ஜும் அதே வழிக்கு வந்தது. க்ரப் முதலில் லினக்ஸுக்காகப் பிறந்ததே இல்லை. ஹர்ட் என்ற குனூ கர்னலைக் கிளப்ப 1995இல் எரிக் போலின் எழுதியது அது. லிலோவுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. லிலோவுக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. கர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற எண்களை மட்டும் குறித்துவைத்திருக்கும். கர்னலைப் புதுப்பித்துவிட்டு 'லிலோ' என்ற ஆணையை ஒருமுறை ஓட்ட மறந்தால், மறுநாள் காலை கணினி எழுந்திருக்காது. க்ரப் அப்படியல்ல, கோப்புமுறையையே படிக்கும். வரியில் பிழை இருந்தால் கணினி கிளம்பும்போதே திருத்திக்கொள்ளலாம்.

இருந்தாலும் பழைய பயாஸ்களின் கணக்கு இரண்டையும் விடவில்லை. வட்டின் 1024ஆவது சிலிண்டருக்கு அப்பால் அவற்றால் எட்டிப்பார்க்க முடியாது. அதிகபட்சம் 8.4 ஜிபி, இன்னும் பழையவற்றில் 528 எம்பி. வட்டின் நடுவிலோ கடைசியிலோ லினக்ஸை வைத்துவிட்டால் க்ரப் 'பிழை 18' என்று சொல்லி நின்றுவிடும். முன்பக்கம் விண்டோஸ் 98 உட்கார்ந்திருக்க, பின்பக்க மிச்ச இடத்தில் லினக்ஸைப் போட்டவர்கள் எல்லாரும் இந்த 18ஐச் சந்திக்கக் காத்திருந்தவர்களே. வட்டின் தொடக்கத்திலேயே நூறு எம்பி அளவில் 'பூட்' என்று தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குவதுதான் அன்றைய மருந்து. இன்றைக்கும் சிலர் காரணம் தெரியாமலே அதை ஒதுக்கிவருகிறார்கள்.

அடுத்த சண்டை திரையோடு. கன்சோல் என்பது இயல்பாக 80 எழுத்து அகலம், 25 வரி உயரம் கொண்ட எழுத்துத் திரை. அதைப் பெரிதாக்க கர்னல் வரியில் 'விஜிஏ=791' என்று சேர்ப்பார்கள். 1024க்கு 768 புள்ளிகள், 65,536 வண்ணங்கள் என்று பொருள். 788 போட்டால் 800க்கு 600. இந்த எண்களைப் பலரும் பேருந்து எண்ணைப்போல மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாக் கிராஃபிக்ஸ் சில்லும் 791ஐ அறியாது. அறியாத கணினியில் கர்னல், நீங்கள் தந்த முறை எண் தெரியாதது, பட்டியலைப் பார்க்க ரிட்டர்ன் விசையை அழுத்து, தொடர ஸ்பேஸை அழுத்து, இல்லையென்றால் 30 விநாடி பொறு என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நிற்கும். சில்லுக்குத் தெரிந்து மானிட்டருக்குத் தெரியாவிட்டால் இன்னும் மோசம். பதினைந்து அங்குல சிஆர்டி பெட்டி, அளவு மீறிவிட்டது என்று ஒரு சிறு கட்டம் காட்டிவிட்டு இருண்டுவிடும். உள்ளே லினக்ஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கடவுச்சொல் கேட்டுக் காத்துக்கொண்டுகூட இருக்கும். வெளியே இருப்பவருக்கோ கணினி செத்துவிட்டது. 'விஜிஏ=நார்மல்' என்ற மாற்று வரியை அறிந்த ஆசிரியர் இருந்த பள்ளியில் அது அரை நிமிட வேலை. இல்லாத பள்ளியில் அந்தப் பெட்டி மூலைக்குப் போயிருக்கும்.

திரையே பழுதான கணினிக்கும் ஒரு வழி இருந்தது. பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட்டில் கம்பி செருகி, கர்னல் வரியில் முதல் சீரியல் போர்ட்டைக் கன்சோலாக அறிவித்து, விநாடிக்கு 9600 பிட் வேகம் என்று சொல்லிவிட்டால், பக்கத்துக் கணினியின் திரையிலேயே இதன் செய்திகள் எல்லாம் ஓடும். இரண்டு கன்சோல்களையும் ஒரே வரியில் குறிப்பிடலாம். கடைசியாக எழுதப்பட்டதுதான் முதன்மை. சர்வர் அறைகளில் அன்றாட வழக்கமான இந்த வித்தைக்குப் பள்ளி ஆய்வகத்தில் தேவை குறைவு. அதனால் இதைப் பற்றி இவ்வளவு போதும்.

பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் லினக்ஸ் தொடக்கத்தில் டெபியனை அடியொற்றியது, பிறகு உபுண்டுவுக்கு மாறியது. உபுண்டு 10.04, 14.04, பின்னர் 18.04 என்று பதிப்புகள் வந்தன. உபுண்டுவோடு அழகும் வந்தது. பூட் ஆகும்போது ஓடிக்கொண்டிருந்த வெள்ளை எழுத்து வரிகள் மறைந்து, ஊதாத் திரையில் புள்ளிகள் மினுங்கத் தொடங்கின. 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களின் வேலை அது. வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு இது இனிமை. பலவகைப் பழம்பெட்டிகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு அது வாயைக் கட்டிய நோயாளி. எங்கே நின்றது என்று சொல்லும் ஒரே சாட்சியை மறைத்துவிட்டார்கள். பள்ளிப் பதிப்புகளிலாவது அந்த இரண்டு சொற்களை நீக்கி அனுப்பியிருக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

அதே ஆண்டுகளில் இன்னொரு மாற்றமும் நடந்தது. திரையின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கர்னலே எடுத்துக்கொண்டது. இன்டெல் சில்லுகளுக்கு இது 2009இல் வந்தது. புதிய கணினிகளுக்கு வரம். இன்டெல் 845, 855 போன்ற பழைய சில்லுகளுக்கோ தலைவலி. உபுண்டு 10.04இல் இவ்வகைக் கணினிகளின் திரை உறைந்துபோவது உலகம் அறிந்த தொல்லை. இந்தியாவின் பெண்டியம் 4 காலத்துப் பெட்டிகளில் எங்கும் இருந்தது 845 குடும்பம்தான்.

மருந்து இப்படி. கணினியைப் போட்டதும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் மறைந்திருக்கும் க்ரப் மெனு வெளியே வரும். முதல் வரியின்மேல் நின்று ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால் கருந்திரையில் சில வரிகள் விரியும். அம்புக்குறி விசையால் இறங்கி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கோடிக்குப் போகவேண்டும். அங்கே இருக்கும் 'கொயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டு 'நோமோட்செட்' என்று தட்டி, கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால், வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடும். ஊதாத் திரையில் நின்றுபோன கணினி டெஸ்க்டாப் வரை வந்துவிடும். தெளிவு கொஞ்சம் மட்டாக இருக்கலாம், தேர்வு எழுத அது போதும். இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. நிலைக்கவேண்டுமானால் அமைப்புக் கோப்பில் எழுதி 'அப்டேட்-க்ரப்' ஓட்டவேண்டும்.

சில கணினிகளில் ஷிஃப்டைப் பிடித்தாலும் மெனுவே தெரியாது, வெறும் இருட்டு. க்ரப்பின் இரண்டாம் தலைமுறை மெனுவையே கிராஃபிக்ஸாக வரைய முயல்வதுதான் காரணம். இதற்கான தீர்வை உபுண்டு முன்கூட்டியே கோப்பில் எழுதிவைத்திருந்தது: 'க்ரப் டெர்மினல்=கன்சோல்' என்ற வரி, முன்னால் ஒரு ஹாஷ் குறியோடு உறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு குறியை அழித்தால் மெனு பழைய எழுத்துத் திரைக்குத் திரும்பிவிடும். மேலே இருக்கும் ஆங்கிலக் குறிப்பும் அதையேதான் சொல்கிறது. கோப்பைத் திறந்து படிப்பவருக்கு மட்டும்.

மின் மேலாண்மையில் முரண்டு பிடிக்கும் மதர்போர்டுகளுக்கு 'ஏசிபிஐ=ஆஃப்'. அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த வரியோடு கிளம்பிய கணினி தானாக அணையாது. ஷட்டவுன் கொடுத்தபின், மின்சாரத்தை நிறுத்தலாம் என்ற தோரணையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். பொத்தானைக் கையால் அழுத்திப் பிடித்து அணைக்கவேண்டும். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போகுமுன் அப்படியான பெட்டிகளைத் தேடித்தேடி அணைப்பது யாரோ ஒரு மாணவரின் பொறுப்பாகிவிடும்.

மாணவர்கள் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஐடி@ஸ்கூல் பள்ளிதோறும் மாணவ ஒருங்கிணைப்பாளர்களையும் வைத்திருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பழுதான கணினிகளைப் பள்ளியிலேயே சரிசெய்யும் 'ஹார்டுவேர் கிளினிக்'குகளை நடத்தியது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் அந்த வழக்கத்தின் அடுத்த படி. கேரளத்தில் க்ரப் மெனுவைத் திருத்தத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்ததற்கு இதுதான் காரணம்.

களியக்காவிளையைத் தாண்டினால் காட்சி வேறு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால இயந்திரங்களில் விண்டோஸும், சென்னை சி-டாக் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. ஆக, மார்த்தாண்டத்துப் பிளஸ் டூ மாணவரின் திரையில் பூட் மெனு தினமும் கேள்வி கேட்டது: இதுவா, அதுவா? பாறசாலை மாணவரின் பள்ளித் திரையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, தேர்வு எதில் என்பது முன்பே முடிவாகிவிட்டது. இடையில் சில கிலோமீட்டர்தான். லினக்ஸை ஒரு விருப்பமாக வைத்த மாநிலத்தைவிட, தேர்வாகவே வைத்த மாநிலத்தில் அது வேர் பிடித்ததில் வியப்பில்லை. ஒரு மென்பொருள் வட்டில் கிடப்பது வேறு, அதைக் கிளப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஆசிரியருக்கு இருப்பது வேறு.

மொழி விஷயத்தில் மட்டும் இருபுறத்துப் பிள்ளைகளும் ஒரே நிலைதான். கேரளத்தின் ஐ.சி.டி. பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. எல்லைப் பள்ளிகளின் தமிழ்வழிப் பிள்ளை தன் மொழியிலேயே படிக்கலாம். ஆனால் கருந்திரை ஆங்கிலம்தான் பேசும். விஜிஏ எழுத்துத் திரையின் நினைவகம் 256 வடிவங்களையே தாங்கும், நீட்டினால் 512. எண்ணிக்கைகூடப் பெரிய தடையில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்று இடமிருந்து வலமாக அடுக்கும் முறை, 'கொ'வில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கத் தெரியாமல் விழிக்கிறது. டெஸ்க்டாப் தமிழுக்கும் மலையாளத்துக்கும் வந்து பல ஆண்டுகள் ஆகியும் கன்சோல் வரவில்லை.

2017இல் ஐடி@ஸ்கூல், 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2019இல் 18.04 பதிப்பை வெளியிட்டபோது கைட் சொன்ன கணக்கு பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது: இரண்டு லட்சம் கணினிகள், கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் உரிமக் கட்டணம் மிச்சம், ஆக மொத்தம் 3,000 கோடி. எல்லா மென்பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் கணக்கு அது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பற்று விடுபட்டிருக்கிறது. தேர்வுக்கு முந்தைய மாலைகளில் கருந்திரைமுன் உட்கார்ந்த எஸ்.ஐ.டி.சி. ஆசிரியர்களின் நேரத்துக்கு அதில் விலை போடவில்லை.

அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. லிலோவின் வளர்ச்சி 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. உபுண்டு 18.04க்கு 32 பிட் டெஸ்க்டாப் நிறுவி வரவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் பிசிகளுக்கான நிறுவியையும் கர்னலையும் கைவிட்டுவிட்டது. உயர்தொழில்நுட்ப வகுப்பறைத் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போய்ச்சேர்ந்தன. பழைய பெட்டிகள் கிளீன் கேரளா நிறுவனத்தின் வழியே மின்கழிவாக வெளியேறுகின்றன.

போகிறவை போகட்டும், அவற்றைக் கட்டிக்காக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வட்டிலும் லிலோவின் அமைப்புக் கோப்போ, பழைய க்ரப்பின் மெனு கோப்போ, 'நோமோட்செட்' எழுதிய வரியோ இருக்கிறது. எந்தச் சில்லுக்கு எந்த வரி வேலை செய்தது என்று யாரோ ஓர் ஆசிரியர் கண்டுபிடித்ததன் சான்று அது, சில இடங்களில் அவர் எழுதிய குறிப்போடு சேர்த்து. நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டத்துப் பள்ளிகளில் இன்னும் மூலையில் ஒரு பெண்டியம் 4 கிடந்தால், வண்டி வருமுன் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, கணினியின் வகையையும் ஆண்டையும் குறித்துப் பள்ளியில் வையுங்கள். சில கிலோபைட்டுகூட வராது.